நோயாளியைப் பார்க்காதவர் எழுதும் தீர்ப்பு

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவருக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் அவரைச் சோதித்த மருத்துவர் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார். வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டம் அது. ஆனால் மருத்துவர் சொன்னவுடன் சிகிச்சை தொடங்கிவிடுவதில்லை. ஆஞ்சியோகிராம் படம், ஆய்வக அறிக்கைகள், நோயாளியின் புகைப்படம் எல்லாவற்றையும் மருத்துவமனை இணையத்தில் ஏற்ற வேண்டும். எங்கோ ஒரு மேசையில் காப்பீட்டுத் தரப்பு மருத்துவர் ஒருவர் அவற்றைப் பார்ப்பார். ஐயம் வந்தால் கேள்வி எழுப்புவார். மருத்துவமனை பதில் அனுப்பும். பிறகு அனுமதி வரும். சில வேளை வராது. உயிருக்கு அவசரம் என்றால் தொலைபேசியிலேயே முன் அனுமதி பெறவும் வழி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தேவையே இல்லாமல் ஸ்டென்ட் வைத்துக் காசு பார்க்கும் இடங்கள் நாட்டில் உண்டு. பொதுப் பணத்துக்குக் காவல் வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவரும் படித்த மருத்துவர்தான், அவர் முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். உறுத்துவது வேறொன்று. நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்த்தவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் நோயாளியைப் பார்த்ததே இல்லை. முடிவு தவறிப்போனால் முதலாமவர் அனுமதி வரவில்லை என்பார், இரண்டாமவர் ஆவணம் விதிப்படி இல்லை என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கும். பொறுப்பு மட்டும் யார் கையிலும் இருக்காது.

மருத்துவத்தில் நிபுணர் ஆட்சி என்று பேசும்போது நான் குறிப்பிடுவது இதைத்தான். நோயாளியும் அவரைப் பார்க்கும் மருத்துவரும் சேர்ந்து எடுத்துவந்த முடிவுகள், விதிமுறையையும் இலக்கையும் மென்பொருளையும் வடிவமைப்பவர்களின் கைக்கு மெல்ல மெல்லப் போய்ச் சேர்கின்றன. கணினியைக் கண்டு அஞ்ச ஒன்றுமில்லை. எண்களையும் வெறுக்கத் தேவையில்லை. ஓர் எண் தவறாக இருக்கிறது என்று சொல்ல அந்த இடத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா, அவர் சொன்னால் கேட்பார்களா என்பதுதான் அறம் சார்ந்த கேள்வி.

இந்தக் கேள்வியைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. அதே வேளையில் இந்தச் சின்ன மாவட்டத்துக்குள் ஆழ்கடல் மீனவர் இருக்கிறார், மலையில் வாழும் காணிப் பழங்குடி இருக்கிறார், தோட்டத் தொழிலாளி இருக்கிறார், மாநில எல்லையும் இருக்கிறது. படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே திரையும் படிவமும் யாரை விட்டுவிடுகின்றன என்று பார்த்தால், மற்ற இடங்களைப் பற்றி ஊகிப்பது கடினமல்ல.

அந்தக் காலத்து வைத்தியம் மேலானது என்று பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே லண்டன் மிஷன் சார்பில் நெய்யூரில் வைத்தியம் தொடங்கினார். எவரெஸ்ட் மலைக்கு 1922-லும் 1924-லும் சென்ற குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூரில் கூட்டத்தையும் ஆள் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிப் பணிபுரிந்தார். தென் திருவிதாங்கூர் முழுவதிலிருந்தும் ஏழைகள் அங்கே வந்தார்கள். ஆனால் மருத்துவத்தோடு மதமும் சேர்ந்தே வந்தது. மருத்துவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. நாட்டு வைத்தியம் பார்த்த வர்ம ஆசான்களிடமும் கேள்வி கேட்க இடமில்லை. ஏட்டுச் சுவடி சீடனைத் தவிர யார் கண்ணிலும் படாது. ஒடிந்த கைக்கு ஏன் இந்த எண்ணெய், ஏன் இந்தக் கட்டு என்று கேட்டால் பதில் வராது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆசான் போட்ட கட்டு கோணலாகிவிட்டால், அந்தக் கோணல் கையோடு நோயாளி அடுத்த சந்தையில் ஆசானுக்கு எதிரே வந்து நிற்பார். சோமர்வெல்லின் தவறும் நெய்யூரிலேயேதான் நடமாடியிருக்கும். அதிகாரம் பெரிதாக இருந்தாலும் அதற்கு ஒரு முகவரி இருந்தது.

நிபுணர்களால் ஏழைக்கு நன்மையே விளையவில்லை என்பதும் பொய். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு, காசநோயாளிகளில் ஒரு பிரிவினரை மருத்துவமனையில் படுக்கவைத்தும் இன்னொரு பிரிவினரை நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியம் இல்லாமல் காசம் தீராது என்ற உலகத்து நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. ஆசாரிப்பள்ளத்தில் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகம் முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்தது என்பதை நினைத்தால், அந்த ஆய்வின் பொருள் இந்த மாவட்டத்துக்கு நன்றாகவே விளங்கும். அதைப் போலவே, 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலை அரசியல்வாதிகளின் கையிலிருந்தும் இடைத்தரகர் கையிலிருந்தும் எடுத்து ஒரு முறைக்குள் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை தடையில்லாமல் கிடைக்கிறதென்றால் அதற்குப் பின்னால் இருப்பது நல்ல கணக்கு வேலை.

ஆக, முறை வேண்டும். முறைக்குள் அடங்காத உடல்களுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் சிக்கல்.

விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை. அங்கே ஆண்டுக்கணக்கில் தோடு உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும் தன்மை கொண்டது. விரல் நுனி கறுத்து, உரிந்து, மறுபடி வளர்ந்து, மறுபடி உரியும். ரேகை என்று சொல்ல அங்கே மிச்சம் இருப்பது சொற்பம். பால் வெட்டுபவர், வலை இழுப்பவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர் கைகளும் அப்படித்தான். அரசின் சேவைகள் ஒவ்வொன்றும் ஆதாரோடு இணையும்போது, விரலை வைத்தால் ‘பொருந்தவில்லை’ என்று வரும் முதல் ஆட்கள் இவர்களே. மாற்று வழிகள் உண்டு என்பார்கள்: கருவிழி, முகம், கைபேசிக்கு வரும் ஓடிபி. கைபேசி எண்ணோ வளைகுடாவில் இருக்கும் மகனுடையதாக இருக்கும், அல்லது நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் கணவரோடு போயிருக்கும். உழைப்பால் தேய்ந்த கையை, உழைத்ததற்காகவே எந்திரம் அடையாளம் தெரியாது என்று தள்ளுகிறது. கருவியின் வடிவமைப்பாளருக்கு இது ஒரு சின்ன சதவீதப் பிழை. ஆலைகள் நிறைந்த ஒரு கிராமத்தில் அதே சதவீதம் பல மடங்காகப் பெருகும்.

காசநோய்க்கு வருவோம். 1997 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த முறையில், ஒருவரின் கண் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும் என்பது விதி. நெடுநாள் வாரத்துக்கு மூன்று முறை. பாதியில் மருந்தை விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசம் வரும் என்ற அச்சத்தில் வந்த விதி அது, அச்சமும் நியாயமானதே. ஆனால் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் விசைப்படகில் புறப்பட்டால் கரை திரும்ப வாரங்கள் ஆகும். குஜராத் கடல், லட்சத்தீவுக்கு அப்பால் என்று போகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் இருந்த வழி இரண்டுதான்: நோயாளியாக இருந்து பட்டினி கிடப்பது, அல்லது மீனவராக இருந்து ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ என்று பதிவேட்டில் ஏறுவது. பதிவேடு அவரைத்தான் குற்றம் சொல்லும். கடலுக்குப் போகிறவருக்கு என்ன செய்வது என்று யோசிக்காத திட்டத்தின் பெயருக்கு எதிரே ‘கைவிட்டது’ என்று எழுத அதில் கட்டம் கிடையாது. 2017 முதல் தினசரி மருந்து முறைக்கு மாறினார்கள். மாத்திரை அட்டையின் உள்ளே மறைந்திருக்கும் எண்ணுக்குக் கைபேசியில் அழைத்தால் விழுங்கியதாகக் கணக்காகும் ஓர் உத்தியும் வந்தது. நல்ல யோசனைதான், கைபேசிக் கோபுரம் எட்டும் இடத்தில் இருந்தால். கரையிலிருந்து சில மணி நேரம் ஓடிய படகில் அது எட்டாது.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள காணிக் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கும் இதே கதை. கோபுரம் இல்லாத இடத்துக்கு இணைய மருத்துவம் வருகிறது என்று அறிவிப்பு மட்டும் போய்ச் சேரும்.

அளவி பொய் சொல்லும்போது

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்தது. 94 என்று காட்டினால் வீட்டிலேயே இருக்கலாம், அதற்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை. 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அளவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேராகச் சோதித்தபோது, கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் பேருக்கு உண்மையான ஆக்சிஜன் 88-க்கும் கீழே இருந்தது, வெள்ளையரில் 3.6 சதவீதம் பேருக்கே அப்படி. தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதால் கருவி ஏமாந்துபோகிறது. குளச்சலிலும் முட்டத்திலும் வெயிலில் கறுத்த விரல்களில் மாட்டியதும் அதே வகைக் கருவிதான். மூச்சு வாங்குகிறது என்று ஆள் சொல்கிறார், 95 இருக்கிறது என்று கருவி சொல்கிறது. எதை நம்புவது என்பதில் நம் காலத்துப் பழக்கம் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அதைவிட நுட்பமான பிழை 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் பயன்பட்ட ஒரு மென்பொருள், யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று வரிசைப்படுத்தியது. இனத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முன்பு யாருக்கு எவ்வளவு செலவானது என்பதை வைத்து நோயின் கடுமையைக் கணித்தது. கறுப்பினத்தவர் அதே நோய்க்குக் குறைவாகச் செலவழித்திருந்தார்கள். சிகிச்சை எட்டாததுதான் காரணம். மென்பொருளோ அவர்களுக்கு நோயே குறைவு என்று எடுத்துக்கொண்டது. கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இப்போது இந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். காப்பீட்டுக் கணக்கில் நெஞ்சுவலிக்கு உரிமை கோராத காணிப் பெண் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று பொருளா? மலையிறங்கி வரப் படகும் கூலி இழப்பும் அவரைத் தடுத்தன என்று பொருளா? தரவில் இரண்டும் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும்.

ஆய்வகத்தில் தேறிய கருவி ஊருக்குள் வந்தால் என்னாகும் என்பதற்குத் தாய்லாந்து நல்ல பாடம். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே சொல்லும் செயற்கை நுண்ணறிவை கூகுள் உருவாக்கியது; அதற்குப் படங்கள் கொடுத்த இடங்களில் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒன்று என்பதால் நமக்கும் இதில் பங்குண்டு. தாய்லாந்தின் 11 சிற்றூர் மையங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று கணினி தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, இணையம் மந்தம். தள்ளப்பட்டவர்களுக்கு இன்னொரு நாள், தொலைவில் உள்ள மருத்துவமனை. படத்தைப் பார்த்தாலே கண்ணில் கோளாறில்லை என்று சொல்லக்கூடிய அனுபவமுள்ள செவிலியர்கள்கூட எந்திரத்தை மீற வழியில்லாமல் நின்றார்கள். அந்தச் சோதனையை நடத்தியவர்களே இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும். நம் ஊரில் திட்டங்களைத் தொடங்கிவைக்கும் விழாப் படங்கள்தான் கிடைக்கும், ஓராண்டு கழித்து எங்கே சறுக்கியது என்ற அறிக்கை கிடைப்பது அரிது.

இலக்கு என்னும் போதை

எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு உடலைத் துரத்தும் பழக்கத்துக்கு நம் பக்கத்து வீட்டிலேயே வரலாறு இருக்கிறது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63,418 ஆண்களுக்குக் கருத்தடை செய்த முகாம் நடந்தது. உலகமே வியந்தது. பரிசுப் பொருளும் பணமும் கொடுத்து மாவட்ட நிர்வாகம் முழுவதும் அதற்காக முடுக்கிவிடப்பட்டது. நான்கே ஆண்டுகளில் நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ல் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைகள், எத்தனை பேர் விரும்பி வந்தார்கள் என்று கேட்க ஆளில்லாமல். இலக்கு முறையை 1996-ல் காகிதத்தில் கைவிட்டார்கள். ஆனாலும் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே மருத்துவர் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முகாம் முறையையே மூன்றாண்டுகளில் நிறுத்தச் சொன்னது.

கருத்தடை என்றதும் எல்லோருக்கும் கோபம் வருகிறது. சிசேரியன் விஷயத்தில் கோபப்படுவது எளிதல்ல, ஏனென்றால் அங்கே எண் இரண்டு பக்கமும் வெட்டும். தமிழ்நாட்டில் சிசேரியன் பிறப்புகள் 2015-16 குடும்ப நலக் கணக்கெடுப்பில் 34.1 சதவீதம், 2019-21-ல் 44.9 சதவீதம். மருத்துவத் தேவையால் மட்டும் இப்படி ஏறியிருக்க முடியாது. குறைக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் எப்படி? ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இத்தனை சதவீதம் என்று மேலிருந்து எழுதி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் விடை இருக்கிறது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகள் சிசேரியன் குறைவு என்பதைப் பெருமையாகப் பேசிவந்தன. 2022-ல் வெளியான விசாரணை அறிக்கை, சரியான கவனிப்பு கிடைத்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றது. அறுவை செய்யத் தயங்கியது காரணங்களில் ஒன்று. உலக சுகாதார நிறுவனமே 1985-ல் சொன்ன 10 முதல் 15 சதவீதம் என்ற எல்லையைப் பிடித்துத் தொங்காமல், தேவைப்படும் பெண்ணுக்குக் கிடைக்கச் செய்வதே நோக்கம் என்று 2015-ல் விளக்கம் கொடுத்துவிட்டது. பிரசவ அறையில் வலியோடு கிடக்கும் பெண்ணிடம் பேசி முடிவெடுக்க நேரமும் ஆளும் கொடுக்காமல், மாதக் கடைசியில் சதவீதம் கேட்பது வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ளும் வழி. அவ்வளவுதான்.

பிரசவ மரணத் தணிக்கையிலும் இதே கத்தி. ஒவ்வொரு மரணத்தையும் ஆராயும் வழக்கம் தமிழ்நாட்டில் உயிர்களைக் காத்திருக்கிறது; 2018-20-ல் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய் மரணங்கள் என்ற நிலை அப்படி வந்ததுதான். ஆயினும் தணிக்கை தண்டனையாக மாறினால், சிக்கலான தாயை ‘மேல் சிகிச்சைக்கு’ என்று அடுத்த மருத்துவமனைக்கு ஏற்றிவிடும் ஆசை எந்த மருத்துவருக்கும் வரும். மரணம் நிகழ்வது ஆசாரிப்பள்ளத்தின் கணக்கில் என்றால் அனுப்பியவர் ஏடு சுத்தமாக இருக்கும்.

காப்பீட்டின் விலைப்பட்டியல் செய்யும் வேலையும் இந்த வகைதான். ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு குறியீடு, ஒரு தொகை. குறியீடு உள்ள நோய்க்கு மருத்துவமனை கதவைத் திறக்கும். மூட்டுவலி, மங்கிய பார்வை, ஆறாத புண், தனிமை என்று நான்கைந்து சேர்ந்த மூதாட்டிக்குக் குறியீடு கிடையாது. வேறு சில மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காக இளம் பெண்களின் கருப்பைகள் தேவையின்றி அகற்றப்பட்டதாக எழுந்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடுப்பு வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இத்தனை காவல் போட்ட கணினியாவது உறுதியாக நின்றதா? 2018-ல் தொடங்கிய மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருப்பதையும், தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருப்பதையும் 2023-ல் எடுத்துக்காட்டினார். ரேகை தேய்ந்த பெண்ணிடம் காட்டும் கறார்த்தனத்தைப் பத்து ஒன்பதுகளிடம் அந்த அமைப்பு காட்டவில்லை.

கட்டுப்பாடு என்ற பெயரில் நடந்த மிகப் பெரிய கொடுமை எது என்று கேட்டால் நான் மார்ஃபினைச் சொல்வேன். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்குத் தரும் மார்ஃபினை வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். மருத்துவமனைகள் கையைக் கழுவிவிட்டன. 1997-ல் நாடு முழுவதற்கும் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. உலகத்துக்கே ஓப்பியம் விளைவித்துக் கொடுத்த நாட்டில் நடந்தது இது. சட்டம் எழுதியவர்கள் யாரும் வலியில் துடிப்பவரை வதைக்க நினைக்கவில்லை. அந்த ஆள் அவர்கள் மேசையில் ஒரு வரியாகக்கூட இல்லை, அவ்வளவே. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடியதன் விளைவாக 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இங்கிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போய்வந்த குமரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தத் திருத்தம் காலம் கடந்து வந்தது.

எல்லையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடலாம். 2020 முடக்கத்தில் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலத்தின் இ-பாஸ் தளம், அந்தப் பக்கம் இன்னொரு மாநிலத்தின் தளம். கல்குளத்துக்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் எவ்வளவு அருகில் என்பது எந்தத் தளத்துக்கும் தெரியாது. மறு ஆண்டு மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தடுப்பூசி திறக்கப்பட்டபோது இணையத்தில் பதிந்தால்தான் ஊசி என்றார்கள். உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியது. கோவின் தளம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, ஜூனில் மாநில மொழிகளைச் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. மாநில அரசு கேட்ட பிறகே வந்து சேர்ந்தது.

பதிவாகாத சம்மதம்

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் பதிந்து எண் பெற வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது கேட்கப்படுகிறது. தாய்க்கும் சேய்க்கும் தொடர் கவனிப்பு கிடைக்க இது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணின் பதிவு வேறு ஊரில், சில வேளை வேறு மாநிலத்தில் இருக்கும். கேரளத்துப் பாறசாலைக்கும் இங்குள்ள மார்த்தாண்டத்துக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது இங்கே அன்றாடம். கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டிலும் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும். நாளின் பெரும்பகுதி திரைக்குப் போகிறது என்பது அவர்களது நெடுநாள் குறை. கர்ப்பத்தைக் கலைக்க நினைக்கும் பெண்ணோ, மணமாகாத பெண்ணோ இந்தப் பதிவைக் கண்டு எங்கே போவார்? கருக்கலைப்புச் சட்டம் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. 2022-ல் மணமாகாதவருக்கும் அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஊருக்குள் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் ஒரு மாவட்டத்தில், வரிசையில் நிற்கும்போது உரக்கக் கேட்கப்படும் ஓர் எண்ணே ரகசியத்தை உடைத்துவிடும்.

2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்கச் சுகாதார எண் தருகிறது. விரும்பினால் மட்டும் என்பது விதி. புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் நின்று, குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது, ஒருவர் விருப்பம் என்பதை எப்படிக் காட்டுவார்? சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் அறுவைக்கான சம்மதம் என்றால் என்ன என்று விரித்துச் சொன்னது: என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் புரியச் சொல்ல வேண்டும். அந்த அளவுகோலைத் தரவுக்கு யாரும் வைப்பதில்லை. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, அரசு மானியமோ சேவையோ தருவதற்கும் மருத்துவ அவசரத்துக்கும் தனிச் சம்மதம் கேட்காமலே தரவைக் கையாள இடமளிக்கிறது. மனநல மருந்து எடுத்துக்கொண்ட பதிவு ஒன்று கல்யாணப் பேச்சின் நடுவே எழுந்தால் குமரியில் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்தில் பெண் பார்த்தவர்களிடம் கேட்கலாம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை முடக்கிய இணையத் தாக்குதல் நாட்டின் தலைசிறந்த மருத்துவமனையையே வாரக்கணக்கில் காகிதத்துக்குத் திரும்ப வைத்தது. மற்ற இடங்களின் பூட்டு அதைவிடப் பலமானதாக இருக்க வாய்ப்பில்லை.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. காசநோய் இறப்பைக் குறைக்க 2022-ல் தொடங்கிய திட்டத்தில், நோய் கண்ட நாளிலேயே சுகாதாரப் பணியாளர் சிலவற்றைப் பார்க்கிறார்: எடை உயரத்துக்கு ஏற்றதா, பிறர் தாங்கிப்பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, மூச்சு வேகம், ஆக்சிஜன், கால் வீக்கம். மோசமான நிலை என்றால் உடனே படுக்கை. இதுவும் நிபுணர்கள் வகுத்த விதிதான், சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் பங்கோடு. ஆனால் அந்த அளவீட்டை எடுப்பவர் நோயாளியின் எதிரே நிற்பவர். எழுந்து நிற்க முடியவில்லை என்பதை அவர் கண்ணால் பார்க்கிறார், எண் அவருக்கு வலு சேர்க்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் அதே ஊர்ப் பெண் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார். அவர் தவறினால் எங்கே போய்க் கேட்பது என்று தெருவுக்கே தெரியும்.

காப்பீட்டுத் திட்டங்களில் குறை தீர்க்க மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் குழு உண்டு. மறுப்பு வந்த குடும்பத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை; மருத்துவமனை ஊழியர் ‘வரவில்லை’ என்று வாயால் சொல்வதோடு முடிகிறது. மறுத்தவரின் பெயர், பதிவு எண், தமிழில் காரணம், மேல்முறையீடு எங்கே என்ற நான்கும் அச்சிட்ட தாளில் நோயாளியின் கையில் கிடைக்க வேண்டும். நேரில் பார்த்த மருத்துவர் காரணம் எழுதிக் கணினியை மீறலாம் என்ற அதிகாரமும் அதற்காக அவரைப் பின்னால் துன்புறுத்தமாட்டோம் என்ற உறுதியும் வேண்டும். கடலுக்குப் போகிறவருக்குப் பயணம் முடியும்வரை மருந்தைக் கையில் கொடுக்கும் ஏற்பாடு துறைமுகத்தோடு சேர்த்து எழுதப்பட வேண்டும்.

இவை வரும்வரை கையில் உள்ளதைப் பயன்படுத்தலாம். சிகிச்சை அளித்த மருத்துவர் நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ நெறிமுறை விதி. மாநிலக் காப்பீட்டை நடத்தும் அரசு அமைப்பும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. மறுப்புக்கான காரணம், முடிவெடுத்த அலுவலர் யார் என்று கேட்டு 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 30 நாள் அவகாசம். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது அதன் 7(1) பிரிவு. இதய அடைப்பு அந்தப் பிரிவில் வராது என்று எந்த அலுவலகமாவது எழுத்தில் சொல்லட்டும். அந்தக் கடிதத்தின் அடியிலாவது ஒரு பெயர் இருந்தாக வேண்டும்.